வீட்டிலேயே செய்யும் கமராவுக்கு முதல் சேர்க்கிட் போர்டு வரைவது எப்படி?

கதிர் முற்றும் காலத்தில் வயலுக்குள் மயில் எப்ப இறங்குது என்று படமெடுத்துப் பார்க்க மட்டுமென்றால், கடையில் கிடைக்கும், கமராவும் வைஃபையும் சேர்ந்த ஈஎஸ்பி32-கேம் போர்டே போதும். போர்டு வரையவே பழக விரும்புகிறவர்கள் தொடர்ந்து வாசியுங்கோ.

முதலில் சாமான்கள். படமெடுக்கும் ஓவி2640 சென்சர், பிஎஸ்ராம் (கூடுதல் நினைவகம்) உள்ள, வைஃபையோடு வரும் ஈஎஸ்பி32 ரோவர் மொடியூல், சென்சரின் நாடாக் கம்பியைச் செருக 0.5 மில்லிமீற்றர் இடைவெளியில் 24 கால் உள்ள எஃப்பிசி கனெக்டர். பிஎஸ்ராம் இல்லாவிட்டால் 1600×1200 படம் நினைவகத்தில் கொள்ளாது. கிளிநொச்சியில் கிடைக்காததற்குக் கொழும்பு முதலாம் குறுக்குத்தெருவில் ஆள் பிடியுங்கோ. கனெக்டர் கைக்கு வரமுன் வரையத் தொடங்க வேண்டாம். ஏனென்று கீழே சொல்கிறேன்.

அடுத்தது கிகாட் மென்பொருளில் சுற்றுவரைபடம். இது இலவசம். சென்சருக்கு மூன்று வெவ்வேறு வோல்ற் அளவுகள் வேணும்: சிக்னலுக்கு 3.3, அனலொக் பகுதிக்கு 2.8, உள்மையத்துக்கு ஏறத்தாழ 1.3. கனபேர் சறுக்குவது 3.3இல்தான். வோல்ற்றைக் குறைத்து நிலையாக வைக்கும் மலிவான 1117 ரெகுலேற்றர் தனக்கென்று ஒரு வோல்ற் அளவில் விழுங்கும். முழுசாக சார்ஜ் ஏறிய லித்தியம் பற்றரியே 4.2 வோல்ற்தான், மிச்சம் 3.3ஐ எட்டாது, வைஃபை வேலைசெய்யும்போது மொடியூல் திரும்பத் திரும்ப ரீசெற் ஆகும். 500 மில்லிஅம்பியர் தாங்கும், குறைந்த வோல்ற்றே விழுங்கும் ரெகுலேற்றராகப் பாருங்கோ.

டேற்றாக் கம்பிகளுக்குப் புதுசாக எதுவும் யோசிக்காதேங்கோ. ஈஎஸ்பி32-கேம் போர்டின் கால் ஒழுங்கையே பின்பற்றினால், ஆர்டுயினோவில் வரும் மாதிரி நிரலில் போர்டின் பெயரையும் வைஃபை விவரத்தையும் மட்டும் மாற்றி ஓட்டலாம். சென்சருக்குக் கட்டளை போகும் எஸ்ஐஓசி, எஸ்ஐஓடி கம்பிகள் இரண்டையும் 4.7 கிலோஓம் புல்-அப் தடை ஒவ்வொன்றால் 3.3 வோல்ற்றோடு இணையுங்கோ.

போர்டில் அடுக்கும்போது, 0.1 மைக்ரோஃபரட் கப்பாசிற்றர்கள் அந்தந்த மின்காலுக்குப் பக்கத்தில் ஒட்டி இருக்கட்டும். கீழ்ப்பக்கம் முழுக்கக் கிரவுண்ட் செம்பு. படத் தரவுக்குத் தாளம் கொடுக்கும் பிக்சல் குளொக் கம்பியை நீளமில்லாமல் இழுங்கோ. மொடியூலின் அன்டெனாப் பகுதிக்கு அடியில் செம்பு வரவே கூடாது.

இனித்தான் முக்கியமான வேலை. வரைந்ததை ஒன்றுக்கு ஒன்று அளவில் கடதாசியில் அச்செடுத்து, கனெக்டரை அதன்மேல் வையுங்கோ. சென்சரின் நாடாவைச் செருகி, ஒன்றாம் கால் எந்தப் பக்கம் விழுகிறதென்று பாருங்கோ. நாடாவின் செம்பு முகம் மேலேயா கீழேயா என்பதைப் பொறுத்து 1 இருக்க வேண்டிய இடத்தில் 24 வந்து நிற்கும். போர்டு வெளிநாட்டிலிருந்து வருகிறவரை காத்திருந்து இதைக் கண்டுபிடிப்பதைவிட, ஒரு தாள் கடதாசி மலிவு. ஒழுங்காக விழுந்தால் போர்டு செய்யும் கொம்பனிக்கு அனுப்பும் கேர்பர் கோப்புகளை எடுத்து ஓடர் பண்ணலாம்.

போர்டு வந்ததும் ரெகுலேற்றர்களையும் அவற்றின் கப்பாசிற்றர்களையும் கனெக்டரையும் மட்டும் ஈயம் வைத்துப் பிடியுங்கோ. கனெக்டருக்கு ஃபிளக்ஸ் (ஈயம் நன்றாக ஓடப் பூசும் பசை) தாராளமாகப் பூசாவிட்டால் பக்கத்துக் கால்கள் ஒட்டிக்கொள்ளும். சென்சரைச் செருகாமல் மின்சாரம் கொடுத்து, மல்டிமீற்றரால் அந்த மூன்று வோல்ற் அளவுகளையும் கனெக்டர் காலிலேயே அளந்து பாருங்கோ. மூன்றும் சரியென்றால் மின்சாரத்தை நிறுத்தி, மொடியூலையும் மிச்சச் சாமான்களையும் பிடித்து, நாடாவைச் செருகலாம்.