மலிவு ராமன் ஸ்பெக்ட்ரோமீட்டர் கட்டுவது எப்படி: எதில் செலவழிக்கலாம், எதில் கஞ்சத்தனம் பண்ணலாம்

கடையில் கிடைக்கும் ராமன் கருவிகள் லட்சக்கணக்கில் விலை சொல்வதால் பல கல்லூரிகளில் ராமன் விளைவு, அதாவது பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் கொஞ்சம் நிறம் மாறுவது, பாடப்புத்தகப் படத்தோடு நின்றுவிடுகிறது. திரவங்களை மட்டும் அளந்தால் போதும் என்றால் நாமே ஒன்று கட்டிக்கொள்ளலாம். பணத்தை லேசரிலும் ஃபில்டரிலும் போடுங்கள், மற்றதில் கையை இறுக்கிக்கொள்ளலாம்.

லேசர் 532 நானோமீட்டர் பச்சை, 50 மில்லிவாட் தாராளம். சந்தையில் விற்கும் பச்சை பாயிண்டர் வேண்டவே வேண்டாம். அதன் அலைநீளம் சூட்டுக்கு ஏற்ப நகரும், 0.1 நானோமீட்டர் நகர்ந்தாலே உங்கள் பீக் (நிறமாலையில் எழும் முகடு) சுமார் 3.5 செ.மீ.⁻¹ (நிறம் எவ்வளவு மாறியது என்பதற்கான அலகு) தள்ளிப்போகும், போதாக்குறைக்கு 808, 1064 அகச்சிவப்பும் கண்ணுக்குத் தெரியாமல் கசியும். வெப்பக் கட்டுப்பாடும் அகச்சிவப்பு ஃபில்டரும் உள்ள மாட்யூலாக வாங்குங்கள். 50 மில்லிவாட் என்பது 3பி வகுப்பு, கண்ணில் பட்டால் பார்வை போகும். அதனால் பாதை முழுவதும் மூடிய பெட்டி, கண்ணில் போட 532-க்கு உரிய பாதுகாப்புக் கண்ணாடி, மூடியைத் திறந்தால் லேசர் அணையும் சுவிட்ச், இந்த மூன்றும் இல்லாமல் மாணவர்களைப் பக்கத்தில் விடாதீர்கள்.

அடுத்து ஃபில்டர். லேசர் ஒளியில் நிறம் மாறிச் சிதறுவது ஏறத்தாழ கோடியில் ஒரு ஃபோட்டான்தான், மிச்சச் சிதறல் எல்லாம் பழைய பச்சையே. அந்தப் பச்சையைப் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைத்து (அதுதான் ஓடி 6), அதைவிட நீண்ட அலைநீளங்களை மட்டும் விடும் லாங்பாஸ் ஃபில்டர் தேவை. இது நேராக விழும் இணைக்கதிருக்கே ஒழுங்காக வேலை செய்யும், சாய்ந்தால் வெட்டும் எல்லை நீலப்பக்கம் நகர்ந்துவிடும். எனவே மாதிரியின் ஒளியை ஒரு லென்ஸால் இணையாக்கி, ஃபில்டர் வழியே விட்டு, அப்புறம்தான் இன்னொரு லென்ஸால் பிளவில், அதாவது ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள் ஒளி நுழையும் மெல்லிய இடுக்கில், குவிக்க வேண்டும்.

மைக்ரோஸ்கோப் பாணியில் வந்த வழியே ஒளியைத் திரும்பப் பிடிக்க ஒரு நிறத்தைத் திருப்பி இன்னொன்றை விடும் டைக்ரோயிக் கண்ணாடி வேண்டும், அதுவும் விலைதான். திரவத்துக்கு அது தேவையில்லை. 1928-ல் கல்கத்தாவில் ராமனும் கிருஷ்ணனும் செய்ததுபோலப் பக்கவாட்டில் 90 டிகிரியில் பார்த்தால் போதும். லேசரைக் கீழிருந்து மேலாக, அடியும் தெளிவாக இருக்கும் க்யூவெட்டுக்குள் (திரவம் வைக்கும் சின்னக் குப்பி) விடுங்கள். உள்ளே செங்குத்தாகத் தெரியும் பச்சைக் கோடு பிளவுக்கு இணையாக விழுவதால் பிளவின் நீளம் முழுக்க ஒளி கிடைக்கும். சிக்னலே வரவில்லையா? லேசரை அதன் பிடிக்குள் கால் சுற்று திருப்பிப் பாருங்கள். அதன் முனைவாக்கத் திசை (ஒளி அலை அதிரும் திசை) நீங்கள் பார்க்கும் திசையோடு ஒன்றிவிட்டால் வலுவான பீக்குகள்கூடக் காணாமல் போகும்.

பிளவு 50 மைக்ரான், ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கிரேட்டிங் மில்லிமீட்டருக்கு 1800 கோடு, 50 மி.மீ. லென்ஸ் என்று வைத்தால் 15 செ.மீ.⁻¹ அளவுக்குப் பிரித்துக் காட்டும். 3000 செ.மீ.⁻¹ வரை போக 532 முதல் 633 வரையான 100 நானோமீட்டர் சென்சாரில் விழவேண்டும், 11 மி.மீ. அகலச் சென்சார் போதும். கலர் கேமரா வேண்டாம், மோனோ (கறுப்பு-வெள்ளை) எடுங்கள். லென்ஸுக்குப் பழைய கேமரா லென்ஸ் போதும், பெட்டியை 3டி பிரிண்டரில் அடிக்கலாம், உள்ளே மங்கல் கறுப்புப் பெயிண்ட். ஆனால் அடித்தட்டு அலுமினியமாக இருக்கட்டும், பிளாஸ்டிக் சூட்டில் நெளியும்.

அளவுத்திருத்தத்துக்குக் காசே வேண்டாம். சிஎஃப்எல் விளக்கின் பாதரசக் கோடுகள் 546.07, 576.96, 579.07-இல் இருக்கும்; அதற்கு மேலே 585.25 முதல் 640.22 வரை சுவிட்ச்போர்டு இண்டிகேட்டரின் நியான் பல்பு பார்த்துக்கொள்ளும். பிறகு சைக்ளோஹெக்சேனை வைத்து 801 செ.மீ.⁻¹ பீக், அதாவது 555.7 நானோமீட்டர், சரியான இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். நகர்ந்திருந்தால் லேசர் அலைநீளத்துக்குப் போட்ட எண்ணைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பத்து விநாடி எக்ஸ்போஷர்கள் பல எடுத்துச் சராசரி போடுங்கள், லேசரை அணைத்து எடுத்த இருட்டுப் படத்தைக் கழிக்க மறக்காதீர்கள்.

மாணவர்களுக்கு நல்ல சோதனை சமையல் எண்ணெய். ரீஃபைண்ட் சூரியகாந்தியில் இரட்டைப் பிணைப்பைக் காட்டும் 1655 செ.மீ.⁻¹ பீக் 1440 பீக்கை ஒப்பிட எடுப்பாக நிற்கும், தேங்காய் எண்ணெயில் அது சுருங்கிப்போகும், ஏனென்றால் அதில் இரட்டைப் பிணைப்பு குறைவு. ஆலிவ் எண்ணெயை வைத்தால் பச்சையம் ஒளிர்ந்து எல்லாவற்றையும் மூழ்கடிக்கும். அந்த மாதிரி நிறமுள்ள பொருள்களைத்தான் அளக்கப்போகிறீர்கள் என்றால் 785 நானோமீட்டர் லேசருக்குப் போங்கள், ஆனால் சிதறல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகும், ஃபில்டர், கிரேட்டிங் எல்லாமே மாற்ற வேண்டியிருக்கும்.