சான் ஸ்டார்ம்: ஃபேன் மெதுவாகச் சுற்றினால் எர்த்தைப் பாருங்கள்

திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரில் ஏறும்போது ரேடியேட்டருக்கு எதிர்க்காற்று போதாது, ஃபேன்தான் கதி. அது மந்தமாகச் சுற்றினால் உடனே மோட்டாரை மாற்றச் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். சான் ஸ்டார்ம் என்ற இந்தத் திறந்த கூரை காரின் பாடி ஃபைபர், அதில் கரண்ட் பாயாது. ஃபேன், லைட், ஹாரன் எல்லாமே கரண்டை பேட்டரி நெகட்டிவுக்குத் திருப்பிக் கொண்டுபோகும் எர்த் ஒயரை நம்பித்தான் ஓடுகின்றன.

மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். ஃபேன் ஓடும்போது கருப்பு முனையை பேட்டரி நெகட்டிவிலும், சிவப்பை ஃபேனின் எர்த் முனையிலும் வையுங்கள். விசிறியில் கை படாமல் கவனம். 0.3 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கோளாறுதான். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு எர்த் ஒயரின் போல்ட்டைக் கழற்றினால், லக்கின் (ஒயர் முனையிலுள்ள உலோக வளையம்) அடியில் பச்சை பூத்திருக்கும். அதை உப்புத்தாளால் பளபளக்கும்வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு சேஸிஸில் முடுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். ஒயர் உள்ளே கருத்திருந்தால் 4 சதுர மி.மீ. செம்பு ஒயர் புதிதாக இழுப்பதே நல்லது.

எர்த் சரியாக இருந்தால் பாசிட்டிவ் பக்கத்தையும் அதேபோல, பேட்டரி பாசிட்டிவுக்கும் ஃபேனின் பாசிட்டிவ் முனைக்கும் இடையே அளவெடுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் போனால் ரிலேயும் ஃபியூஸ் ஹோல்டரும் சூடாகின்றனவா பாருங்கள். இரண்டு பக்கமும் சுத்தம் என்றால்தான் மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷைச் சந்தேகியுங்கள்.