இணையதளத்தில் அழகை எங்கே சேர்ப்பது, எங்கே நிறுத்துவது

இணையதளம் ஒன்றை வடிவமைக்கத் தொடங்கும்போது நிறங்களையும் படங்களையும் முதலில் தேர்ந்தெடுக்கத் தோன்றுவது இயல்பு. அந்த ஆசையைச் சிறிது தள்ளிவைக்க வேண்டும் என்பதே என் கருத்து. 1995-இல் ஜப்பானைச் சேர்ந்த குரோசு, காஷிமுரா என்னும் இரு ஆய்வாளர்கள், பணம் எடுக்கும் இயந்திரத்தின் திரைக்கு 26 விதமான அமைப்புகளை உருவாக்கி, அவற்றை 252 பேரிடம் காட்டினார்கள். கண்ணுக்கு அழகாக இருந்தவற்றையே பயன்படுத்த எளிதானவை என்றும் பெரும்பாலும் மக்கள் கருதினார்கள். உண்மையான எளிமையோடு அந்த மதிப்பீடு அவ்வளவாகப் பொருந்தவில்லை. அழகு குறைகளை மூடிவிடும் என்பதால், குறைகளைத் தேடும் வேலையை அழகூட்டுவதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

எனவே முதல் வரைவைக் கறுப்பு வெள்ளையில், படங்களோ அலங்கார எழுத்துருக்களோ இல்லாமல் அமையுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் வருபவர் எதைச் செய்ய வருகிறார் என்று ஒரே வரியில் எழுதிக்கொண்டு, அந்தச் செயலுக்கான பொத்தானையோ தேடல் பெட்டியையோ தேடாமலே கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். பிறகு, இந்த வேலையோடு தொடர்பில்லாத ஐந்து பேரை ஒவ்வொருவராக அமரவைத்து, ஒரு பணியைக் கொடுத்துவிட்டு அமைதியாகக் கவனியுங்கள். உதவி செய்ய வாய் துடிக்கும். ஆனாலும் பேசாதீர்கள், ஏனெனில் அவர்களுடைய விரல் தயங்கும் இடம்தான் நீங்கள் திருத்த வேண்டிய இடம். ஒவ்வொருவரும் பணியை முடிக்க எடுத்துக்கொண்ட நேரத்தையும் குறித்துவையுங்கள்.

இதன் பிறகு நிறங்களுக்கு வரலாம். டபிள்யூசிஏஜி எனப்படும், மாற்றுத்திறனாளிகளும் தளத்தைப் பயன்படுத்த உதவும் அணுகல்தன்மை வழிகாட்டி, சாதாரண அளவு எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 என்ற ஒளி வேறுபாட்டையும், பெரிய எழுத்துக்கு 3:1 என்ற வேறுபாட்டையும் கேட்கிறது. வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து நேர்த்தியாகத் தோன்றினாலும், வெயிலில் செல்பேசியைப் பிடித்திருப்பவருக்கு அது வெற்றுப் பக்கமே. புகைப்படத்தின் மேல் எழுத்து வரவேண்டுமென்றால் இடையில் ஓர் அடர்நிறப் படலத்தைச் சேருங்கள். பிழையைச் சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டாமல் சொற்களாலும் சொல்லுங்கள். தமிழ்த் தளமாக இருந்தால் வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடச் சற்றுக் கூட்டுங்கள். நம் எழுத்துகளின் கொம்புகளும் சுழிகளும் மேலும் கீழும் நீள்வதால், நெருக்கமான வரிகள் ஒன்றோடொன்று உரசும்.

பொத்தான்களைப் பொறுத்தவரை, 2023-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.2 குறைந்தபட்சமாக 24 பிக்சல் அகலமும் உயரமும் கேட்கிறது. விரலால் தொடும் திரைக்கு 44 வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

அசைவுகளில்தான் பலரும் அளவு மீறுகிறார்கள். மெனு எங்கிருந்து வந்தது, தேர்ந்தெடுத்த பொருள் எங்கே போனது என்று காட்டும் அசைவு பயனுள்ளது. உருட்ட உருட்ட ஒவ்வொரு பத்தியும் பறந்துவந்து அமர்வது வாசிப்பவரைக் காக்கவைக்கிறது. அசைவைக் குறைக்கும்படி பயனர் தம் கருவியில் அமைத்திருந்தால், பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் மொழி வழியே அதை அறிந்து அசைவுகளைக் கட்டாயம் நிறுத்திவிடுங்கள். சிலருக்கு அசைவு தலைசுற்றலையே வரவழைக்கும். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னும் எதையும் வைக்கக் கூடாது, ஏனெனில் அது வலிப்பைத் தூண்டக்கூடும்.

பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 நொடிக்குள் தோன்ற வேண்டும் என்பது கூகுள் வகுத்த அளவு. மேலே வைக்கும் பெரிய படமே பெரும்பாலும் இதைக் கெடுக்கிறது. படத்தைச் சுருக்குங்கள், அதன் அகல உயரத்தை நிரலில் முன்கூட்டியே குறிப்பிட்டால், படம் வந்துசேரும்போது கீழே உள்ள எழுத்து குதிக்காது.

அப்படியானால் கைவண்ணத்தை எங்கே காட்டுவது? வருபவர் எந்த வேலையிலும் ஈடுபட்டிராத இடங்களில் தாராளமாகக் காட்டலாம்: முகப்பின் மேற்பகுதி, முடிவு எதுவும் கிடைக்காத தேடல் பக்கம், பணி நிறைவேறியதைச் சொல்லும் பக்கம். படிவத்திலும் பணம் செலுத்தும் பக்கத்திலும் அடக்கம் வேண்டும். எல்லாம் சேர்ந்தபின், அதே பணிகளைப் புதிதாக ஐந்து பேரிடம் கொடுத்து, முன்பு குறித்த நேரத்தோடு ஒப்பிடுங்கள். நேரம் கூடியிருந்தால், கடைசியாகச் சேர்த்த அலங்காரத்திலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வந்து, பழைய நேரம் திரும்பும் இடத்தில் நிறுத்துங்கள்.