அபார்ட்மென்ட்டைப் பராமரிப்பு நிறுவனத்திடம் ஒப்படைக்கும்போது: சங்கம் கைவிடக் கூடாதவை

80 வீடு, இரண்டு பிளாக், நாலு லிஃப்ட், ஒரு ஜெனரேட்டர், மெட்ரோ வாட்டரும் போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் வந்து விழும் ஒரு சம்ப். சென்னையில் இந்த அளவுள்ள குடியிருப்பைச் சங்கத்துக்காரர்களே வேலை முடிந்து வந்து சாயங்காலத்தில் பார்த்துக்கொள்வது ஓரிரண்டு வருடம் ஓடும். பிறகு செகரட்டரி பதவிக்கு ஆள் கிடைக்காது. பொதுக்குழுவில் யாராவது எழுந்து, “ஒரு கம்பெனியிடம் விட்டுவிடலாமே” என்பார்கள். விடலாம். ஆனால் வேலையை மட்டும்தான் ஒப்படைக்க வேண்டும். தண்ணீர், டீசல் போன்றவற்றை அளப்பதும் பணமும் சங்கத்திடமே இருக்க வேண்டும். தகராறு கிளம்புவது பெரும்பாலும் இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்ட இடத்தில்தான்.

ஆள் கணக்கு

நிறுவனம் தரும் கொட்டேஷனில் முதலில் பார்க்க வேண்டியது மொத்தத் தொகையை அல்ல, எத்தனை பேர் என்பதை. கேட்டில் 24 மணி நேரமும் ஒருவர் இருக்க எத்தனை பேர் தேவை? வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் எட்டு மணி நேரம் வீதம் ஆறு நாள் வேலை பார்த்தால் 48 மணி நேரம். 168-ஐ 48-ஆல் வகுத்தால் 3.5. இரண்டு இடத்தில் காவல் வேண்டுமென்றால் ஏழு பேர். கொட்டேஷனில் “இரண்டு பாயின்ட், நாலு செக்யூரிட்டி” என்று இருந்தால் அது 12 மணி நேர ஷிஃப்ட், வார விடுமுறைக்கு மாற்று ஆளும் கிடையாது. ஒருவர் வராத நாளில் இன்னொருவர் தொடர்ந்து 24 மணி நேரம் நிற்பார். ராத்திரி இரண்டு மணிக்கு வாட்ச்மேன் தூங்குகிறார் என்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ வரும். தப்பு அவருடையது அல்ல, கொட்டேஷனுடையது.

ஆளுக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாக எழுதித் தந்தால் வாங்காதீர்கள். அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, நிறுவனத்தின் பங்காக பிஎஃப் 13% (நிர்வாகக் கட்டணம் உட்பட), ஈஎஸ்ஐ 3.25%, போனஸ் 8.33%, மாற்று ஆள் செலவு, சீருடை, சர்வீஸ் சார்ஜ், அதன்மேல் ஜிஎஸ்டி 18% என்று பிரித்துக் கேளுங்கள். இதையெல்லாம் நீங்களே கூட்டிப் பார்த்தால் வரும் தொகையைவிட அவர்கள் விலை குறைவாக இருந்தால், அந்த வித்தியாசம் தொழிலாளியின் பையிலிருந்துதான் வருகிறது. மாதா மாதம் பில்லோடு பிஎஃப் செலுத்திய பட்டியலும் ஈஎஸ்ஐ சலானும் இணைக்க வேண்டும், அந்தப் பட்டியலில் உங்கள் கேட்டில் நிற்பவரின் பெயர் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். நிறுவனம் கட்டாமல் விட்டால் பிஎஃப், ஈஎஸ்ஐ அலுவலகங்கள் பாக்கி கேட்டு உங்களிடமே வர இடமுண்டு. காவலர்களை அனுப்பும் நிறுவனத்துக்கு 2005-ஆம் ஆண்டுத் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டப்படி உரிமம் வேண்டும். அதன் நகலையும் வாங்கி ஃபைலில் வையுங்கள்.

ஜிஎஸ்டியை மறந்து பட்ஜெட் போடுவது வழக்கமான தவறு. ஒரு லட்ச ரூபாய் பில்லுக்கு 18,000 கூடுதல். ஜிஎஸ்டி பதிவில்லாத சங்கத்தால் அதைத் திரும்பப் பெற முடியாது.

பொறுப்பு ஏற்கும் முதல் வாரம்

என்ன இருக்கிறது என்று எழுதாமல் எதையும் ஒப்படைக்காதீர்கள். மேனேஜர், பிளம்பர், எலக்ட்ரீஷியன், சங்கத்திலிருந்து ஒருவர் என நாலு பேரும் மொட்டைமாடியிலிருந்து சம்ப் வரை நடக்க வேண்டும். ஒவ்வொரு மோட்டாருக்கும் குதிரைத்திறன், போட்ட வருடம், கடைசியாக காயில் கட்டிய தேதி. போர் எத்தனை அடி, மோட்டார் எத்தனை அடியில் தொங்குகிறது. எந்த வால்வு எந்த வரிசை வீடுகளுக்கு. வால்வுகளுக்கு எண் போட்டுத் தகடு கட்டுங்கள். பிறகு மாதம் ஒருமுறை எல்லா வால்வையும் முழுக்க மூடித் திறக்கச் சொல்லுங்கள். ஒரு வருடம் தொடாத கேட் வால்வு, குழாய் வெடிக்கிற நாளில் திரும்பாது, அல்லது திருகும்போது தண்டு முறியும். அப்போது ஒரு வீட்டுக் கசிவுக்காக ஒரு பிளாக் முழுக்கத் தண்ணீரை நிறுத்த வேண்டிவரும்.

தண்ணீர்

சென்னையில் அபார்ட்மென்ட் நிர்வாகம் என்பதே பாதி தண்ணீர் நிர்வாகம்தான். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகரக் குடிநீர்த் திட்டங்களில் எடுத்துக்கொள்ளும் அளவு. வீட்டுக்கு நாலு பேர் என்றால் 80 வீட்டுக்கு 43,200 லிட்டர். உங்கள் பயன்பாடு இதைவிட மிக அதிகமாக இருந்தால், குடியிருப்போரைக் குறை சொல்வதற்கு முன் கசிவைத் தேடுங்கள்.

அதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. ராத்திரி ஒரு மணிக்கு ஓவர்ஹெட் டேங்கை நிரப்பி மோட்டாரை அணைத்துவிட்டு, நீர்மட்டத்தைக் கம்பியால் அளந்து குறிக்க வேண்டும். நாலு மணிக்கு மறுபடி அளக்க வேண்டும். டேங்க்கின் அடிப்பரப்பு 5 சதுர மீட்டர் என்றால், மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 50 லிட்டர் போயிருக்கிறது. மூன்று மணி நேரத்தில் 6 சென்டிமீட்டர் இறங்கினால் 300 லிட்டர், அதாவது மணிக்கு 100. அந்த நேரத்திலும் ஓரிருவர் குழாயைத் திறந்திருப்பார்கள் என்பதால் இரண்டு மூன்று இரவு செய்து பாருங்கள். அளவு மாறாமல் வந்தால் அது கசிவு. ஒரு நாளைக்கு 2,400 லிட்டர், ஐந்து நாளுக்கு ஒரு 12,000 லிட்டர் லாரி வீண். கசிவது பெரும்பாலும் குழாயில் இருக்காது; ஏதோ ஒரு வீட்டு ஃப்ளஷ் டேங்க்கில் வாஷர் தேய்ந்து சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு வரிசை வால்வாக மூடிப் பார்த்தால் எந்த வரிசை என்று தெரிந்துவிடும். தகடு கட்டியது இங்கே உதவும்.

லாரிக்கும் இதே கணக்குதான். சம்ப் 4 மீட்டருக்கு 3 மீட்டர் என்றால் பரப்பு 12 சதுர மீட்டர். 12,000 லிட்டர் இறங்கினால் மட்டம் சரியாக 100 சென்டிமீட்டர் ஏற வேண்டும். 88 சென்டிமீட்டர்தான் ஏறியது என்றால் வந்தது 10,560 லிட்டர். அளக்கும்போது மோட்டாரும் மெட்ரோ வாட்டர் வரத்தும் நின்றிருக்க வேண்டும், இல்லையென்றால் லாரிக்காரரோடு வீண் சண்டை. சம்ப்புச் சுவரில் பெயின்ட்டால் சென்டிமீட்டர் கோடு போட்டுவிட்டால், வாட்ச்மேனே டார்ச் அடித்துப் பார்த்து எழுதிவிடுவார்.

குளோரின் போடுவதில் கண்மதிப்பு வேண்டாம். 30% குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் என்றால் ஒரு 12,000 லிட்டர் லாரிக்கு 80 கிராம், லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரும். பவுடரை நேராகக் கொட்டாமல் ஒரு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேல் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்து டெஸ்ட் கிட்டில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பெரும்பாலும் பவுடர் பழசு; வாய் திறந்து கிடந்த மூட்டையில் குளோரின் பறந்துவிடும். போர் தண்ணீரில் இரும்பு இருந்தால் குளோரின் பட்டதும் பழுப்பாகும். வாட்ஸ்அப் குரூப்பில் “சாக்கடை கலந்துவிட்டது” என்று கிளம்புவதற்குள் மேனேஜர் இதைச் சொல்லிவைக்க வேண்டும்.

கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்கவே கூடாது. உறிஞ்சும் லாரிதான். மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆபத்தான முறையில் ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைத்தால் முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். “கான்ட்ராக்டர் பார்த்துக்கொள்வார்” என்பது உங்களைக் காப்பாற்றாது. மூடிக் கிடந்த சம்ப்பும் ஆபத்துதான். திறந்து காற்றோட்டம் விட்டு, மேலே இன்னொருவர் நிற்காமல் யாரும் இறங்கக் கூடாது.

எஸ்டிபி (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) இருக்கும் இடங்களில் ஒன்றே ஒன்று: ஈபி பில்லைக் குறைக்க ராத்திரியில் அதற்குக் காற்று ஊதும் புளோயரை அணைக்கிறார்களா என்று பாருங்கள். காற்று நின்றால் நுண்ணுயிர் சாகும், மறுநாள் நாற்றம் வரும்.

லிஃப்ட், ஜெனரேட்டர்

லிஃப்ட் ஏஎம்சியை (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) பராமரிப்பு நிறுவனம் வழியாகப் போடாமல் லிஃப்ட் கம்பெனியோடு நேரடியாகப் போடுங்கள். இடையில் இன்னொரு சர்வீஸ் சார்ஜ் எதற்கு? மாதம் ஒருமுறை மெயினை அணைத்து, லிஃப்ட் பேட்டரியில் அடுத்த தளத்துக்கு வந்து கதவு திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் லிஃப்ட்டின் அடிக்குழிக்குள் இறங்கும் கட்டடம் என்றால் லிஃப்டை மேல்தளத்தில் நிறுத்தி அணைத்துவிட வேண்டும். மழைநீர் சேகரிப்புத் தொட்டியையும் மொட்டைமாடி வடிகால் வாயையும் செப்டம்பருக்குள் சுத்தம் செய்திருக்க வேண்டும்.

ஜெனரேட்டரை வாரம் பத்து நிமிடம் ஓட்டுவது பேட்டரி இறங்காமல் இருக்க. மாதம் ஒருமுறை லோடோடு ஓட்டாவிட்டால் எரியாத டீசல் சைலன்சரில் கரியாகச் சேரும். டீசல் லிட்டரை, ஜெனரேட்டர் ஓடிய நேரத்தைக் காட்டும் மணி மீட்டரோடு ஒப்பிட்டு எழுதுங்கள். முதல் மாதத்தில் மணிக்கு எத்தனை லிட்டர் என்று கிடைத்துவிட்டால் பிறகு யாரும் கதை சொல்ல முடியாது.

பணம்

செக்கில் கையெழுத்து சங்கத்தின் இரண்டு பேருடையது. மேனேஜரிடம் சில்லறைச் செலவுக்கு 10,000 ரூபாய் போதும். பில் கொடுத்தால் செலவானது மட்டும் திரும்ப நிரப்பப்படும். பெரிய வேலைகளுக்காகச் சேர்த்து வைத்த கார்ப்பஸ் நிதியைத் தினசரிச் செலவுக்குத் தொடாதீர்கள், பெயின்ட்டும் லிஃப்ட் கயிறும் அதில்தான் வரும்.

மெயின்டனன்ஸ் மாதம் ஒரு வீட்டுக்கு 7,500 ரூபாயையும், சங்கத்தின் ஆண்டு வரவு 20 லட்சத்தையும் தாண்டினால்தான் வசூலுக்கு ஜிஎஸ்டி. இரண்டும் தாண்ட வேண்டும். 80 வீட்டுக்கு 4,000 வீதம் வருடம் 38.4 லட்சம் வந்தாலும் வரி இல்லை. அப்படித் தாண்டினாலும் 7,500-க்கு மேற்பட்ட தொகைக்கு மட்டுமே வரி என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் தீர்ப்புச் சொன்னது; ஆடிட்டரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். ஒப்பந்தக்காரர் பில் ஒரே தடவையில் 30,000 ரூபாயோ வருடத்தில் ஒரு லட்சமோ தாண்டினால் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடிக்க வேண்டும்: தனிநபருக்கு 1%, கம்பெனிக்கு 2%, ஜிஎஸ்டி நீங்கலான தொகையில். மறந்தால் வட்டி சங்கத்தின் தலையில்.

பாக்கிதாரர் வீட்டுத் தண்ணீரை நிறுத்தும் யோசனை ஒவ்வொரு பொதுக்குழுவிலும் வரும். செய்யாதீர்கள், வழக்கில் உங்களையே மாட்டிவிடும். பைலாவில் வட்டி எழுதி, நோட்டீஸ் அனுப்பி, தொகையை முறைப்படி வசூலிக்கப் பாருங்கள்.

பிரியும் வழி

60 நாள் நோட்டீஸ் இரு பக்கமும். கடைசி மாத பில் தொகையைச் சாவிகள், சிசிடிவி பாஸ்வேர்டு, மைகேட் போன்ற செயலியின் அட்மின் உரிமை, வாட்ஸ்அப் குரூப், முதல் வாரத்தில் எழுதிய பொருள் பட்டியல் எல்லாம் சரிபார்த்த பிறகே தர வேண்டும் என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். பிரியும்போது கேட்டால் கிடைக்காது. டேங்க் அளவு நோட்டும் டீசல் நோட்டும் சங்கத்தின் சொத்து. அவற்றை மேனேஜரின் லேப்டாப்பில் மட்டும் விட்டுவைக்காமல், மாதக் கடைசியில் ஒரு பிரதி எடுத்து அலுவலக அலமாரியில் பூட்டி வையுங்கள்.