குரூப்பை மாற்றக் கையெழுத்துப் போடும் முன்

காலாண்டு விடைத்தாள் கொடுத்த கையோடு சில பள்ளிகளிலிருந்து ப்ளஸ் ஒன் பெற்றோருக்குப் போன் வரும். “மேத்ஸ்ல 18 மார்க்தான். வேற குரூப்புக்கு மாத்திடலாம், வந்து கையெழுத்துப் போடுங்க.” குரூப் மாற்றுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. கணக்கு வராத பிள்ளை இரண்டு வருடம் அதோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்த அவசரத்தில் பள்ளியும் வீடும் சேர்ந்தே சில தவறுகள் செய்கின்றன.

முதலாவது, மார்க்கை மட்டும் பார்ப்பது. பத்தாவது வரை தமிழ் வழியில் படித்து, ப்ளஸ் ஒன்னில் ஆங்கில வழிக்கு வந்த பிள்ளைக்குக் கணக்கு புரியவில்லையா, கேள்வியே புரியவில்லையா? அதே கணக்கைத் தமிழில் சொல்லிப் போடச் சொன்னால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எழுத்துகள் இடம் மாறுகின்றன, எப்போதும் நேரம் போதவில்லை என்றால் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதலாக 1 மணி நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. அதை விட்டுவிட்டுப் பாடத்தைப் பிடுங்கினால் அடுத்த பாடத்திலும் இதே கதைதான்.

யாரும் அதிகம் பேசாத இன்னொன்று இருக்கிறது. மாநிலப் பாடத்திட்டத்தில் ப்ளஸ் ஒன் இயற்பியலின் இரண்டாவது பாடம் இயக்கவியல். அதிலேயே வெக்டரும் வகையிடலும் வந்துவிடும். கணிதப் புத்தகத்திலோ அவை இரண்டாம் தொகுதியில்தான். ஆக, இயற்பியல் வகுப்பில் பிள்ளை விழிப்பதை உடனே சோம்பல் என்று முத்திரை குத்த முடியாது. கணக்கை விட்டு, அதற்குப் பதில் தாவரவியலும் விலங்கியலும் படிக்கும் ப்யூர் சயின்ஸுக்குப் போனாலும் இயற்பியல் கூடவே வரும், வெக்டரோடு. சுமை குறையும் என்று நம்பி மாற்றியவர்களுக்கு அரையாண்டில் மறுபடி போன் வரும்.

எந்தப் படிப்பு கைவிட்டுப் போகிறது என்று சொல்லாமல் கையெழுத்து வாங்குவதுதான் எனக்குக் கோபம் வரும் இடம். பொறியியல் கட்-ஆஃப் 200இல் கணக்குக்கு மட்டும் 100. அது இல்லாவிட்டால் பி.இ. கலந்தாய்வு இல்லை. ப்யூர் சயின்ஸ் என்றால் நீட், பி.எஸ்சி. நர்சிங் மிஞ்சும். காமர்ஸ் என்றால் அவையும் போய்விடும். கணக்குக்குப் பயந்து காமர்ஸ் எடுத்து சி.ஏ. கனவு காண்பவர்களுக்கு ஒரு தகவல்: அதன் முதல் படியான ஃபவுண்டேஷன் தேர்வில் வணிகக் கணிதம் இருக்கிறது.

அப்புறம், மாற்றும் நேரம். அக்டோபரில் அக்கவுண்டன்சி வகுப்பில் போய் உட்காரும் பிள்ளைக்கு வரவு-செலவைப் பதிவு செய்யும் முதல் படியான ஜர்னல் என்ட்ரியே தெரியாது, மற்றவர்கள் அதைத் தாண்டிப் போயிருப்பார்கள். மாற்றிய பள்ளி அந்த மூன்று மாதப் பாடத்தைச் சொல்லித்தரத் தனி வகுப்பு வைக்கிறதா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், மாற்றம் பிள்ளைக்காக இல்லை, வாசலில் கட்டப்போகும் நூறு சதவீதத் தேர்ச்சி பேனருக்காக.

பெற்றோரை மடக்குவது ‘ஃபெயிலானால் வருஷம் போச்சு’ என்ற பயம். ப்ளஸ் டூவில் ஒரு பாடத்தில் 35 எடுக்காவிட்டால், அந்த ஒன்றை மட்டும் அதே ஆண்டு துணைத் தேர்வில் எழுதலாம்.

ஜூன் மாதத்திலேயே பிள்ளை வந்து “எனக்குக் காமர்ஸ்தான் பிடிக்குது” என்றால் தாராளமாக மாற்றலாம். என்ன, அப்போது மட்டும் “சொந்தக்காரங்க என்ன சொல்லுவாங்க” என்று வீட்டில் ஒருவரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.