மூக்கில் ரத்தம் வந்தால்: கையை எடுப்பதுதான் பெரிய தவறு

சிங்கப்பூரில் மாணவர் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்பவர்களுக்கு மூக்கு ரத்தம் புதிதல்ல. பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் வெயிலில் ஓடி ஆடிவிட்டு நேரே ஏர்கான் அறைக்குள் நுழைவார்கள். மூக்கைத் தேய்த்துக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதுவார்கள். திடீரென்று கணக்குப் புத்தகத்தின் மேல் ஒரு சிவப்புச் சொட்டு விழும். பக்கத்துப் பிள்ளை "டீச்சர், பிளட்!" என்று அலறும். அதற்குப் பிறகு நடப்பதைப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். புதிதாக வேலைக்கு வரும் ஒவ்வொருவரும், அந்தக் காலத்தில் நாங்கள் அடித்த அதே கூத்தை அதே வரிசையில் அடிக்கிறார்கள். வீடுகளில் நடப்பதும் ஏறக்குறைய அதுதான்.

முதலில் ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் மூக்கின் முன்பகுதியில், இரண்டு துவாரங்களுக்கும் நடுவே இருக்கும் சுவரிலிருந்துதான் வரும். "சில்லுமூக்கு உடைஞ்சிருச்சு" என்று பாட்டிகள் சொல்வது இதைத்தான். பல சிறு ரத்தக்குழாய்கள் அங்கே வந்து கூடுகின்றன. மேலே மூடியிருப்பது மெல்லிய சவ்வு. நகம் பட்டாலே கிழியும். நல்லவேளை, விரல் போய்க் கெடுக்கிற இடத்தை விரலாலேயே அழுத்தி நிறுத்தவும் முடிகிறது.

தலையை அண்ணாந்து வைப்பது

வேண்டாம். நிமிர்ந்து உட்கார்ந்து, கொஞ்சம் முன்னால் குனிய வேண்டும். அண்ணாந்தால் ரத்தம் நிற்காது, தொண்டை வழியாக வயிற்றுக்குப் போகும். அப்புறம் அதுவே கறுப்பாக வாந்தியாகி, வீடே அலறும்.

எலும்பைப் பிடிப்பது

கண்ணாடி போடுகிறவர்களுக்குக் கண்ணாடி உட்காருகிற இடம் இருக்கிறதே, அங்கே பிடித்துக்கொண்டு பலர் நிற்கிறார்கள். அது எலும்பு. எவ்வளவு அழுத்தினாலும் உள்ளே எதுவும் அமுங்காது. விரலை அங்கிருந்து கீழே இறக்கிக்கொண்டே வாருங்கள். எலும்பு முடிந்து மெத்தென்று ஆகும் இடம் ஒன்று வரும். அதற்குக் கீழே இருக்கும் மிருதுவான பகுதி முழுவதையும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம்தான் ஒழுகுகிறது என்றாலும் இரண்டு பக்கத்தையும் பிடியுங்கள்.

சரியாகப் பிடித்திருக்கிறோமா என்று பார்க்க, பிள்ளையை "அம்மா" என்று ஒரு தடவை சொல்லச் சொல்வேன். "அப்பா" மாதிரி காதில் விழுந்தால் மூக்கு நன்றாக அடைபட்டிருக்கிறது. "அம்மா" என்றே தெளிவாகக் கேட்டால் பிடி தளர்வு.

"நின்னுடுச்சா, பார்ப்போம்"

எனக்கு இன்றும் கோபம் வருவது இதற்குத்தான்.

எங்களிடம் புதிதாகச் சேர்ந்த தங்கை ஒருத்தி. நல்ல பெண், பிள்ளைகளிடம் பொறுமை அதிகம். தொடக்கநிலை இரண்டில் படிக்கும் பையனுக்கு மூக்கில் ரத்தம் வந்தபோது அவள்தான் பக்கத்தில் இருந்தாள். நான் பள்ளி வாசலிலிருந்து அடுத்த கூட்டத்தை அழைத்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது மேசை மேல் சிவந்த டிஷ்யூ மலையாகக் கிடந்தது. "அரை மணி நேரமா பிடிச்சிக்கிட்டே இருக்கேன் அக்கா, நிக்கவே மாட்டேங்குது" என்றாள், கண் கலங்கி. "சரி, எப்படிப் பிடிச்சே, காட்டு" என்றேன். சரியான இடத்தில்தான் பிடித்தாள். மனதுக்குள் இருபது எண்ணியிருப்பேன், விரலை எடுத்து எட்டிப் பார்த்தாள். சொட்டு விழுந்தது. துடைத்தாள், பிடித்தாள், மறுபடி எடுத்துப் பார்த்தாள். நடுவில் ஒரு கையை விட்டுப் போனை எடுத்து, பையனின் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் படமும் அனுப்பியிருக்கிறாள்.

அரை மணி நேரம் பிடித்ததாக அவள் நினைத்தாள். உண்மையில் அரை நிமிடம் அரை நிமிடமாகத்தான் பிடித்திருந்தாள். இரண்டும் ஒன்றல்ல.

ரத்தக்குழாய் கிழிந்ததும் தட்டணுக்கள் வந்து அந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு தற்காலிகமாக அடைக்கும். அதன் மேல் ஃபைப்ரின் என்ற புரதம் நார் நாராகப் பின்னிக்கொண்டு இறுகினால்தான் அடைப்பு நிலைக்கும். இதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். ஆறுகிற கஞ்சியில் ஏடு படிகிற மாதிரிதான். ஆடாமல் விட்டால் படியும், கரண்டியை விட்டுக்கொண்டே இருந்தால் படியாது. நாம் விரலால் அழுத்துவதால் காயம் குணமாகிவிடுவதில்லை. ஓட்டம் குறைவதால், படிகிற ஏடு அடித்துக்கொண்டு போகாமல் இருக்கிறது. விரலை எடுத்த கணமே ஓட்டம் திரும்ப வந்து, அதுவரை படிந்ததையும் கழுவிவிடும். திரும்பப் பிடிக்கும்போது கணக்கு பூஜ்ஜியத்திலிருந்துதான் தொடங்கும்.

ஆகவே பத்து நிமிடம், நடுவில் ஒரு தடவைகூட எடுக்காமல். பெரியவர்களுக்குப் பதினைந்து. மனக்கணக்கை நம்பாதீர்கள், பதற்றத்தில் ஒரு நிமிடமே ஐந்து நிமிடமாகத் தெரியும். போனில் டைமர் வையுங்கள். அது அடிக்கும்வரை படம் எடுப்பது, சட்டையை மாற்றுவது, தரையைத் துடைப்பது எதுவும் கிடையாது. பெற்றோருக்குச் சொல்ல வேண்டுமானால் இன்னொருவர் சொல்லட்டும். பிள்ளை வாயால் மூச்சு விட வேண்டும். வாய்க்கு வருவதைத் துப்ப ஒரு கிண்ணம் கொடுங்கள். பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று, பிள்ளையின் தொண்டை. அடிக்கடி விழுங்கினால் ரத்தம் பின்பக்கமாக இறங்குகிறது என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் குனிய வையுங்கள், பிடியைச் சரிபாருங்கள்.

அந்தப் பையன் கதை எங்கே போய் முடிந்தது தெரியுமா? நான் வாங்கிப் பிடிப்பதற்குள் அம்மா டாக்சியில் வந்து இறங்கிவிட்டார். படத்தைப் பார்த்த எந்தத் தாய்தான் காத்திருப்பார்? நேரே ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஓட்டம். அங்கே தாதி செய்தது, மூக்கைச் சரியாகப் பிடித்துக் கொடுத்து "கையை எடுக்காமல் உட்காருங்கள்" என்றதுதான். டாக்டரைப் பார்க்க மணிக்கணக்கில் காத்திருப்பு, நூறு வெள்ளிக்கு மேல் பில், பையனுக்கு அன்றைய இரவுத் தூக்கமும் போனது. எல்லாம் பத்து நிமிடம் பொறுக்காததற்கு.

டிஷ்யூவைத் திரியாக்கித் திணிப்பது

உள்ளே இருக்கும்வரை அழகாக இருக்கும். உருவும்போது காய்ந்த ரத்தத்தையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். பஞ்சும் அப்படித்தான்.

வெங்காயம், தைலம், தலையில் தண்ணீர்

இங்கே வந்தால் பாட்டிமார்களோடு சண்டை. வெங்காயத்தை நறுக்கி முகரவைப்பது, உச்சந்தலையில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவது, எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விடுவது, அருகம்புல் சாறு கொடுப்பது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று உண்டு, ஒவ்வொன்றுக்கும் "என் பிள்ளைக்கு உடனே நின்னுச்சு" என்ற சாட்சியும் உண்டு. பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. மூக்கு ரத்தம் பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும். நிற்பதற்கு முன்னால் கடைசியாக எதைச் செய்தோமோ அது பேரைத் தட்டிக்கொண்டு போகிறது. அருகம்புல் வாங்கத் தேக்கா மார்க்கெட்டுக்குப் போய் வருவதற்குள் எந்த மூக்கும் நின்றிருக்கும்.

தலையில் தண்ணீர் ஊற்றினால் பெரிய கெடுதல் இல்லை, பலனும் இல்லை. மூக்குக்குள் விடுவதும் பூசுவதும் வேறு கதை. எலுமிச்சைச் சாறு எரியும். எரிந்தால் தும்மல் வரும், தும்மினால் படிந்தது பிய்ந்துகொள்ளும். கோடாலித் தைலம் சிங்கப்பூரில் இல்லாத வீடு இல்லை. அது வெளியே பூசுவதற்கு, கிழிந்த சவ்வின் மேல் தடவுவதற்கல்ல. கைக்குழந்தை மூக்கில் மெந்தால், கற்பூரம் கலந்த எதையும் தடவினால் மூச்சே திணறிப் போகலாம். ஆனால் இவை எல்லாவற்றையும்விட என் புகார் எளிமையானது. வெங்காயம் நறுக்கப் போகிறவர் யார்? மூக்கைப் பிடித்திருந்தவர்தான்.

"உடம்புச் சூடு" என்பது அடுத்தது. பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியும் அதையே சொல்லி, பார்லித் தண்ணீர் கொடுத்தனுப்புவார். குடியுங்கள், நல்லதுதான். ஆனால் இரவு முழுக்க ஏர்கான் காற்றில் மூக்கு காய்வதும், தலையணைத் தூசிக்கு ஒவ்வாமை வந்து பிள்ளை விடிய விடிய மூக்கைத் தேய்ப்பதும் பார்லியால் தீராது. புகைமூட்டம் வந்தால் இன்னும் மோசம். 2015 செப்டம்பர் 25 அன்று பள்ளிகளையே மூட வேண்டியிருந்ததே, அப்படிப்பட்ட காற்றில் மூக்கின் சவ்வு எப்படித் தாங்கும்?

ஐஸ்

இன்னொரு கை சும்மா இருந்தால் வையுங்கள். விரலுக்குப் பதிலாக அல்ல.

நின்றவுடன் மறந்துவிடுவது

நின்றதும் மூக்கைச் சிந்திச் சுத்தம் செய்யத் தோன்றும். கூடாது. அன்று முழுவதும் சிந்தல், தோண்டல், பந்து விளையாட்டு, சூடான கோப்பி எல்லாவற்றுக்கும் விடுப்பு. இரவில் தலையணையை உயர்த்தி வையுங்கள். பொருக்கு காயும்போது அரிக்கும், அரித்தால் விரல் போகும், மறுநாள் அதே இடம் மறுபடி உடையும். ஒரே வாரத்தில் திரும்பத் திரும்ப வருவதற்கு இதுதான் முக்கியக் காரணம். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். துவாரத்தின் உள்விளிம்பில் கொஞ்சம் வாசலின், அல்லது மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர் ஸ்பிரே. வீட்டு வைத்தியம்தான் வேண்டுமென்றால் நான் சொல்வது இவ்வளவே.

தாத்தாவையும் பேரனையும் ஒன்றாகப் பார்ப்பது

வயதானவர்களுக்கு ரத்தம் மூக்கின் பின்பகுதியிலிருந்து வரலாம். அது விரலுக்கு எட்டாது, வேகமும் அதிகம். ஆஸ்பிரின், கிளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் நிற்க நேரமாகும். சரியாகப் பிடித்தும் நிற்கவில்லை என்றால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள், மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மூக்கைக் காப்பாற்றப் போய் மூளையில் அடைப்பை வரவழைத்த கதையாகிவிடும்.

வீட்டிலேயே உட்கார்ந்திருப்பது

எடுக்காமல் பிடித்தும் இரண்டு சுற்று தாண்டி ஒழுகினால் அவசரப் பிரிவு. குழாய் திறந்த மாதிரி கொட்டினாலோ, தலையில் அடிபட்டு வந்தாலோ, மயக்கமோ மூச்சுத் திணறலோ இருந்தாலோ 995-க்கு அழைத்து ஆம்புலன்ஸ். சில நாள் காய்ச்சலோடு மூக்கில் ரத்தம் என்றால் டெங்கியை நினையுங்கள். ஐபுப்ரொஃபென், ஆஸ்பிரின் கொடுக்காமல் அன்றே டாக்டரிடம் போங்கள். பெரியவர்களுக்கு ஒரே பக்கம் அடிக்கடி சளியோடு ரத்தம் வந்து, காது அடைப்பதும் கழுத்தில் கட்டி தட்டுப்படுவதும் சேர்ந்தால் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போய் மூக்குத் தொண்டை நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

சின்னக் குழந்தைக்கு ஒரு பக்கம் மட்டும் ரத்தமும் நாற்றமும் வந்தால் உள்ளே எதையோ திணித்திருக்கிறது. பாசிமணி, பென்சில் ரப்பர், பட்டாணி, எதுவாகவும் இருக்கலாம். இடுக்கியை எடுக்காதீர்கள், இன்னும் உள்ளேதான் போகும். பொம்மையிலிருந்தோ ரிமோட்டிலிருந்தோ பட்டன் பேட்டரி ஒன்று காணாமல் போயிருந்தால் காலைவரை பொறுக்க வேண்டாம். நடுராத்திரி என்றாலும் கிளம்புங்கள், சில மணி நேரத்திலேயே அது மூக்குச் சுவரை அரித்துவிடும்.