உலாவிக்கு மட்டும் இணையம் வரவில்லையா? ஃபயர்வால், ஆன்டிவைரஸ் தடையைக் கண்டறிந்து நீக்கும் முறை

நேற்று இரவு வரை ஒழுங்காக வேலை செய்த உலாவி, இன்று காலையில் எந்தத் தளத்தையும் திறக்க மறுக்கிறது. ஆனால் அதே கணினியில் மின்னஞ்சல் மென்பொருள் அஞ்சல்களை இறக்கிக்கொண்டிருக்கிறது. மற்றோர் உலாவியைத் திறந்தால் தளங்கள் உடனே வருகின்றன. இப்படி இருந்தால் மோடத்தையோ இணையச் சேவையையோ குறை சொல்ல வேண்டியதில்லை. கணினிக்குள்ளேயே ஏதோ ஒன்று அந்த ஓர் உலாவியை மட்டும் வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறது. பெரும்பாலும் அது, கணினியின் இணைய இணைப்புகளைக் கண்காணித்து அனுமதிக்கும் அல்லது தடுக்கும் ஃபயர்வாலாகவோ, நச்சுநிரல்களைத் தடுக்கும் ஆன்டிவைரஸாகவோதான் இருக்கும்.

இந்த நிலையில் பலரும் செய்வது இரண்டு காரியங்கள்: ஒன்று, பாதுகாப்பு மென்பொருளை முழுவதுமாக நிறுத்திவிடுவது, மற்றொன்று, உலாவியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவது. முதலாவது ஆபத்தானது. இரண்டாவது பெரும்பாலும் வீண்வேலை. ஏனென்றால் தடை இருப்பது ஃபயர்வாலின் விதிப்பட்டியலில், உலாவிக்குள் அன்று. எத்தனை முறை நிறுவினாலும் உலாவி அதே பெயரில், அதே கோப்புறையில் வந்து உட்காரும். பழைய விதியும் அதை அப்படியே பிடித்துக்கொள்ளும்.

முதலில் சந்தேகத்தை உறுதிசெய்துகொள்ள வேண்டும். கட்டளைகளைத் தட்டி இயக்கும் கமாண்ட் பிராம்ப்ட் சாளரத்தைத் திறந்து, ஒரு தளத்துக்குப் பிங் எனும் சிறு சோதனைச் செய்தியை அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்ப்பது பழகிய வழி. ஆனால் பிங் செல்லும் நெறிமுறை வேறு, வலைப்பக்கங்கள் வரும் நெறிமுறை வேறு என்பதால், பிங்குக்குப் பதில் வந்துவிட்டது என்பது மட்டும் போதிய சான்று ஆகாது. இதைவிட நல்ல சோதனை கர்ல். 2018ஆம் ஆண்டிலிருந்து விண்டோஸ் 10 உடனேயே இந்தக் கருவி வருகிறது. கமாண்ட் பிராம்ப்டில் கர்ல் (curl) என்று ஆங்கில எழுத்துகளில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, தளத்தின் முழு முகவரியையும் கொடுத்தால், உலாவி பயன்படுத்தும் அதே 443ஆம் போர்ட் என்ற இணைப்பு வாயில் வழியாக அது அந்தத் தளத்தைத் தொடர்புகொள்ளும். கோண அடைப்புக்குறிகள் கொண்ட சில வரிகளாவது திரையில் வந்து விழுந்தால், வழி திறந்திருக்கிறது, உலாவிக்குத்தான் அனுமதி இல்லை என்று கொள்ளலாம். கர்லுக்கும் பதில் இல்லை, மற்ற உலாவிகளும் திறக்கவில்லை என்றால், கோளாறு இணைப்பிலோ, தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸிலோ, இணைப்புகளை இடையில் நின்று வாங்கி அனுப்பும் பிராக்ஸி அமைப்பிலோ இருக்கக்கூடும்.

பிழைச்செய்தியை வைத்து மட்டும் முடிவுக்கு வர வேண்டாம். குரோம் சில நேரங்களில் ஃபயர்வாலோ ஆன்டிவைரஸோ இணைப்பைத் தடுத்திருக்கலாம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடும். ஆனால் அதே தடை வேறு சமயங்களில் ‘சர்வர் கிடைக்கவில்லை’, ‘இணைக்க இயலவில்லை’ என்ற பொதுவான வாசகங்களாகவும் வெளிப்படும்.

நேற்று வரை அனுமதித்த ஃபயர்வால் இன்று ஏன் தடுக்கிறது? தனியாக வாங்கி நிறுவும் ஃபயர்வால்களில் பல, ஒரு நிரலைப் பெயரை வைத்து மட்டும் அடையாளம் காண்பதில்லை. நிரல்கோப்பு இருக்கும் பாதை, கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட கைரேகை போன்ற எண், அதை உருவாக்கிய நிறுவனம் பதித்த டிஜிட்டல் கையொப்பம் ஆகியவற்றையும் பார்க்கின்றன. உலாவி தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது அந்தக் கோப்பு மாறிவிடுகிறது. ஃபயர்வாலின் கண்ணுக்கு அது பழைய பெயரில் வந்திருக்கும் புதிய ஆள். உடனே ‘அனுமதிக்கவா, தடுக்கவா’ என்று மூலையில் ஒரு சிறுபெட்டி எழும். வேறு வேலையில் மூழ்கியிருப்பவர் அதைப் படிக்காமல் மூடிவிட்டாலோ, தவறுதலாகத் ‘தடு’ என்பதை அழுத்திவிட்டாலோ, அந்த ஒரு சொடுக்கு நிரந்தர விதியாகப் பதிந்துவிடக்கூடும்.

இதைச் சரிசெய்ய ஃபயர்வால் மென்பொருளைத் திறந்து, நிரல்களுக்கான அனுமதிப் பட்டியல் இருக்கும் பகுதிக்குச் செல்லுங்கள். புரோகிராம் கண்ட்ரோல், அப்ளிகேஷன் ரூல்ஸ் என்று ஒவ்வொரு மென்பொருளிலும் அதற்கு ஒவ்வொரு பெயர். அங்கே உங்கள் உலாவியின் பெயரில் உள்ள பதிவுகள் அனைத்தையும் நீக்குங்கள். ‘அனைத்தையும்’ என்பதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை என் கணினியில் பட்டியலைப் பார்த்தபோது உலாவியின் பெயருக்கு நேரே பச்சைக் குறி இருந்தது. அனுமதிதானே இருக்கிறது என்று அரை நாளை வேறு இடங்களில் தேடிக் கழித்தேன். பிறகு பட்டியலைக் கீழே நகர்த்தினால், அதே பெயரில் இரண்டாவது பதிவு ஒன்று சிவப்புக் குறியோடு உட்கார்ந்திருந்தது. முதல் பதிவு புதுப்பிப்புக்கு முந்தைய கோப்புக்கானது. இரண்டாவதுதான் நடப்புக் கோப்புக்கானது. பழைய பதிவைத் திருத்திக்கொண்டிருப்பதைவிட எல்லாவற்றையும் அழித்துவிட்டு, உலாவியை முழுமையாக மூடி மறுபடி திறப்பதே நல்லது. அனுமதி கேட்கும் பெட்டி புதிதாக எழும். இம்முறை நிதானமாகப் படித்து, நிரந்தர அனுமதியைக் கொடுத்துவிடலாம்.

பெட்டி எழவில்லை என்றால் நாமே சேர்க்க வேண்டியதுதான். உலாவியின் குறுக்குவழிச் சின்னத்தின் மீது வலச்சொடுக்கி, கோப்பு இருக்கும் இடத்தைத் திறக்கும் தெரிவைத் தேர்ந்தெடுத்தால், உண்மையான நிரல்கோப்பு எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். ஃபயர்பாக்ஸ் வழக்கமாகச் சி டிரைவில், புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் இருக்கும்; குரோம் சில கணினிகளில் பயனரின் சொந்தக் கோப்புறைக்குள்ளும் நிறுவப்பட்டிருக்கும். அனுமதி கொடுக்கும் முன் அந்தக் கோப்பின் பிராபர்ட்டீஸ் சாளரத்தில் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் என்ற தாவலைப் பாருங்கள். ஃபயர்பாக்ஸுக்கு மொசில்லா, குரோமுக்குக் கூகுள், எட்ஜுக்கு மைக்ரோசாஃப்ட் என்ற நிறுவனப் பெயர் கையொப்பத்தில் இருக்க வேண்டும். கையொப்பமே இல்லை என்றால் ஃபயர்வால் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது என்று எண்ணி, அந்தக் கோப்பை நீக்கிவிட்டு, உலாவியை அதை உருவாக்கிய நிறுவனத்தின் தளத்திலிருந்தே புதிதாக இறக்குங்கள்.

தனி ஃபயர்வால் எதுவும் நிறுவாதவர்கள் விண்டோஸுடன் வரும் ஃபயர்வாலைப் பார்க்க வேண்டும். 2004இல் எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக்குடன் தொடக்கநிலையிலேயே இயங்கும்படி வந்த இது, வழக்கமான அமைப்பில் வெளியிலிருந்து கேளாமல் வரும் இணைப்புகளைத் தடுக்கும். உள்ளிருந்து வெளியே செல்லும் இணைப்புகளைப் பொதுவாகத் தடுக்காது. உலாவி செய்வதோ வெளியே செல்லும் இணைப்பு. ஆகவே ‘ஃபயர்வால் வழியே ஒரு செயலியை அனுமதித்தல்’ என்ற பக்கத்தில் உலாவிக்கு எதிரே குறியிட்டுவிட்டுக் காத்திருப்பதால் பெரும்பாலும் பயன் விளையாது. அந்தப் பக்கம் உள்ளே வரும் இணைப்புகளுக்கானது. பார்க்க வேண்டிய இடம் வேறு. ஸ்டார்ட் மெனுவில் ஃபயர்வால் என்று தேடி, அட்வான்ஸ்டு செக்யூரிட்டி என்ற சொற்கள் சேர்ந்துள்ள சாளரத்தைத் திறந்து, இடப்பக்கத்தில் அவுட்பவுண்ட் ரூல்ஸ் என்பதைச் சொடுக்குங்கள். நீண்ட பட்டியலில் சிவப்புத் தடைக்குறி உள்ள விதிகளை மட்டும் கவனித்து, ஒவ்வொன்றையும் திறந்து, அது எந்த நிரலின் பாதையைக் குறிக்கிறது என்று பாருங்கள். உலாவியின் பாதை அங்கே இருந்தால் அந்த விதியை உடனே அழிக்காமல், முதலில் செயலிழக்கச் செய்து சோதியுங்கள். அனுமதி விதி ஒன்றும் தடை விதி ஒன்றும் மோதினால் விண்டோஸ் தடை விதியின் பக்கமே நிற்கும். எனவே புதிய அனுமதி விதிகளை அடுக்கிக்கொண்டே போவது உதவாது.

எதுவும் பிடிபடவில்லை என்றால் எல்லா விதிகளையும் தொடக்கநிலைக்குத் திருப்பும் தெரிவு அதே சாளரத்தில் உண்டு. மற்ற மென்பொருள்கள் எழுதிவைத்த விதிகளும் அதனோடு போய்விடும் என்பதால், அதற்கு முன் எக்ஸ்போர்ட் பாலிசி என்ற தெரிவின் மூலம் ஒரு நகலைச் சேமித்துக்கொள்ள வேண்டும்.

ஆன்டிவைரஸால் வரும் தொல்லை வேறு வகை. மறையாக்கப்பட்ட பக்கங்களுக்குள்ளும் நச்சுநிரல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகச் சில ஆன்டிவைரஸ்கள் உலாவிக்கும் தளத்துக்கும் இடையில் புகுந்து, தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் டிஜிட்டல் சான்றிதழுக்குப் பதிலாகத் தங்களுடைய சான்றிதழை உலாவியிடம் நீட்டுகின்றன. உலாவி அந்தச் சான்றிதழை நம்பாதபோது, ‘பாதுகாப்பான இணைப்பு இல்லை’ என்ற எச்சரிக்கை ஒவ்வொரு தளத்திலும் வருகிறது. ஃபயர்பாக்ஸ் தனக்கென்று ஒரு சான்றிதழ்க் களஞ்சியம் வைத்திருப்பதால், குரோமில் வராத எச்சரிக்கை இதில் மட்டும் வருவதுண்டு. 2023இல் வந்த 120ஆம் பதிப்பிலிருந்து விண்டோஸில் சேர்க்கப்பட்ட சான்றிதழ்களையும் அது ஏற்றுக்கொள்கிறது என்பதால் இப்போது இந்தச் சிக்கல் குறைந்திருக்கிறது.

சான்றிதழ் எச்சரிக்கை வந்தால் முதலில் கணினியின் தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். தவறான தேதி ஒன்றே இத்தனைக்கும் காரணமாக இருக்கலாம். பிறகு எச்சரிக்கைப் பக்கத்திலிருந்து சான்றிதழைத் திறந்து, அதை வழங்கியவர் யார் என்ற வரியைப் படியுங்கள். அங்கே உங்கள் ஆன்டிவைரஸின் பெயரே இருந்தால், அதன் அமைப்புகளில் மறையாக்கப்பட்ட இணைப்புகளைச் சோதிக்கும் வசதியை நிறுத்தி, மறுபடி இயக்கிப் பாருங்கள். பல நேரங்களில் அப்போதே சான்றிதழ் புதிதாகப் பதிந்துவிடும். அதற்கும் சரியாகவில்லை என்றால் அந்த ஒரு வசதியை மட்டும் நிறுத்தி வைக்கலாம். கோப்புகளைக் காக்கும் மற்ற பகுதிகள் இயங்கிக்கொண்டுதான் இருக்கும். வழங்கியவர் பெயர் முன்பின் அறியாததாக இருந்தால், ‘அபாயத்தை ஏற்றுத் தொடர்க’ என்பதை எக்காரணம் கொண்டும் அழுத்த வேண்டாம்; கணினியை முழுமையாக ஸ்கேன் செய்யும் வரை கடவுச்சொல் எதையும் அதில் தட்டவும் வேண்டாம்.

நீக்கிவிட்ட ஆன்டிவைரஸின் மிச்சமும் தொல்லை தரும். விண்டோஸ் அமைப்புகளில் நெட்வொர்க் பகுதிக்குள் பிராக்ஸி பக்கத்தைத் திறந்தால், சில கணினிகளில் 127.0.0.1 என்ற முகவரி எழுதப்பட்டிருக்கும். அது அதே கணினியைக் குறிக்கும் முகவரி. அங்கே உட்கார்ந்து இணைப்புகளை வாங்கி அனுப்பிய நிரல் போய்விட்ட பிறகும், உலாவி அதன் கதவையே தட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் தெரிந்தே வைத்த பிராக்ஸி இல்லை என்றால் அதை அணைத்துவிடுங்கள். பழைய ஆன்டிவைரஸை முழுதாகத் துடைத்தெடுக்க, பல நிறுவனங்கள் தனி நீக்கல் கருவிகளைத் தங்கள் தளங்களில் வைத்திருக்கின்றன.

உலாவி திறக்கிறது, ஆனால் இறக்கும் கோப்பைச் சேமிக்க முடியவில்லை என்றால், விண்டோஸ் செக்யூரிட்டியில், அனுமதியில்லாத செயலிகள் முக்கியக் கோப்புறைகளில் எழுதுவதைத் தடுக்கும் கண்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் இயங்குகிறதா என்று பாருங்கள். அங்கேயே உலாவியை அனுமதிக்கப்பட்ட செயலியாகச் சேர்த்துவிடலாம்.

யார் மீது சந்தேகம் என்று தெரியாமல் பாதுகாப்பு மென்பொருளைச் சிறிது நேரம் நிறுத்திப் பார்க்க வேண்டி வந்தால், நன்கு அறிந்த ஒரே ஒரு தளத்தை மட்டும் திறந்து பார்த்துவிட்டு உடனே மறுபடி இயக்கிவிடுங்கள். நிறுத்திய பிறகும் தடை நீங்கவில்லை என்பதால் அந்த மென்பொருளுக்குப் பங்கில்லை என்றும் சொல்லிவிட முடியாது. சிலவற்றின் வடிகட்டும் பகுதி, திரையில் ‘நிறுத்தப்பட்டது’ என்று காட்டிக்கொண்டே பின்னணியில் இயங்கும். அலுவலகக் கணினியாக இருந்தால் இந்தச் சோதனை எதையும் செய்யாமல், பிழைச்செய்தியைப் படமெடுத்து நிர்வாகிக்கு அனுப்புங்கள். அங்குள்ள தடை பெரும்பாலும் வேண்டுமென்றே வைக்கப்பட்டது.

தடை நீங்கியதும் கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்து, உலாவி மறுபடி திறக்கிறதா என்று பாருங்கள். தற்காலிக அனுமதியை மட்டும் கொடுத்திருந்தால், அது இந்த இடத்தில்தான் தெரியவரும்.